உங்களுக்குத்தான் கனடா இருக்கே

1

நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். இதைச் சொன்னால் ஊரில் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கனடாவுக்குப் போயும் சாரதிதானா என்று நினைக்கிறார்கள். ஓம், சாரதிதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

தெரு உறைந்து கிடக்கும் மாதங்களிலும் பிள்ளைகளை வீட்டு முடக்கில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்குகிறேன். நான் பஸ்ஸை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டால் இரண்டு பக்கத்து வாகனங்களும் நிற்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கடைசி இருக்கை வரைக்கும் நடந்து போய் அங்கே உள்ள பொத்தானை அமத்த வேண்டும். அமத்தாமல் இறங்கினால் பஸ் கத்தும். ஒரு பிள்ளை நித்திரையாகி உள்ளே கிடந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் பொத்தானை அமத்தும்போது எனக்குக் கோபம் வருகிறது. இங்கே ஒரு பிள்ளையும் பஸ்ஸுக்குள் தவறக் கூடாது. எங்கள் ஊரில் தவறுவதற்கே பஸ் இல்லை.

எங்கள் ஊர் கிளிவெட்டிக்கு அப்பால் வயலும் பற்றைக்காடுமாகக் கிடக்கும் பக்கம். பள்ளிக்கூடம் பெரிய தெருவோடு இருக்கிறது. உள்ளே இருக்கிற குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் பள்ளிக்கூடச் சேவை பஸ் ஒன்று ஓடியது. இந்த வருடத் தொடக்கத்தில் அது நின்றுவிட்டது. கல்விப் பணிமனை காசு கட்டவில்லை என்கிறது பஸ் டிப்போ. டிப்போவிடம் வண்டி இல்லை என்கிறது பணிமனை. இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு இருக்க, பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். அது யானை இறங்கும் பாதை. தகப்பன்மார் யானைவெடியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள், பிள்ளைகள் புத்தகப் பையோடு பின்னால் போவார்கள்.

இதெல்லாம் எனக்கு என் தங்கை வதனி சொல்லித் தெரியும். அவள் அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். ஒருநாள் அழுதுகொண்டு போன் எடுத்தாள். கீர்த்தனா என்ற பிள்ளை, இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள், வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி. காலையில் சைக்கிளில் வந்தவளுக்கு முன்னால் யானை நின்றிருக்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். யானை அந்தச் சைக்கிளைப் பப்படம் மாதிரி நொறுக்கிவிட்டுப் போய்விட்டது.

"தாய் இனி அனுப்பமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா அண்ணா" என்றாள் வதனி. "சோதினைக்கு மட்டும் வந்து எழுதட்டாம். படிக்காமல் என்னத்தை எழுதுறது?"

தாயின் பெயர் செல்வராணி. கூலி வயல் வேலை. வாய் நீளம் என்று ஊரில் பெயர் எடுத்தவர்.

2

எங்களுக்கு இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. பெரிதாக நினைக்க வேண்டாம். கோடையில் ஒரு ஒன்றுகூடல், ஒரு வட்ஸ்அப் குழு, ஒரு செயலாளர். செயலாளர் குகன், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கீர்த்தனாவின் கதையைக் குழுவில் போட்டதும் அவன் உடனே எடுத்தான்.

"மச்சான், பஸ் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தா பிள்ளையளை யானை அடிச்சுப்போடும். நாங்களே ஒரு வேனை வாங்கி விடுவம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சந்தோசப்படுவாள் என்று நினைத்து வதனிக்கு எடுத்தேன்.

"வேண்டாம் அண்ணா" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"வேன் வேண்டாம்."

"உனக்கென்ன விசரோ? யானை வந்ததெண்டு அழுதது நீதானே?"

"நான்தான். பஸ் வேணுமெண்டு அழுதனான். வேன் கேக்கேல்லை."

"ரெண்டுக்கும் நாலு சில்லுத்தானே?"

"நாலு சில்லு இல்லை அண்ணா கதை. நீங்கள் கொம்பியூட்டர் தந்தீங்கள். நல்லது. பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அரசாங்கக் கொம்பியூட்டர் வந்துது. எங்களுக்கு வரேல்லை. ஏனெண்டு கேட்டா, உங்களுக்குத்தான் கனடா இருக்கே எண்டு பணிமனையில சிரிக்கிறாங்கள். இப்ப நீங்கள் தந்ததும் பழுது. திருத்த ஆளில்லை. விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை எண்டு போனம். நீங்கள் ஒரு தொண்டர் ஆசிரியருக்குச் சம்பளம் அனுப்பினீங்கள். அதுக்குப் பிறகு அரசாங்க ஆசிரியர் வரவே இல்லை. நாங்கள் எதைக் கேட்டாலும் அவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. கனடா."

"அப்ப நாங்கள் குடுத்தது பிழையோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. இப்ப தேர்தல். இப்பதான் அவங்களுக்குக் காது கேக்கும். இந்த நேரம் பாத்து நீங்கள் வேனைக் குடுத்தா, ஒருத்தனும் பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கத் தேவையில்லை."

"யானைக்குத் தேர்தல் தெரியுமோ? அதுவரைக்கும் பிள்ளையள் மிதிபடட்டும் எண்டுறியோ?"

அவள் போனை வைத்துவிட்டாள். நான் திருப்பி எடுத்தேன். எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் தகப்பனின் குணம். ஒருவரும் இறங்க மாட்டோம்.

நான் சொன்னது கடுமையான பேச்சுத்தான். ஆனால் அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன். தத்துவம் பேசும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தத்துவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேன் வாங்கினோம்.

3

அதே நாட்களில் இங்கேயும் தேர்தல். மாகாண அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிற காசு போதாது என்று பள்ளிச் சபை சொல்கிறது. கொடுக்கிறதைச் சரியாகச் செலவழிக்கவில்லை என்று அரசாங்கம் சொல்கிறது. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதல்லவா? முடிவு என்னவென்றால் வருகிற செப்டம்பரில் சில பஸ் ஓட்டங்களை வெட்டப் போகிறார்கள். அதில் என்னுடையதும் ஒன்று. என் பஸ்ஸில் வருகிற சின்னப் பிள்ளைகள் இனி ஆறு வழித் தெருவைக் கடந்து நடந்து போக வேண்டும். இங்கே யானை இல்லை. லொறி இருக்கிறது.

ஒரு தரிப்பிடத்தில் ஒரு சோமாலியத் தாய் இரண்டு பிள்ளைகளை ஏற்றுகிறவர். அவர் பஸ்ஸின் படியில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார், நாங்கள் என்ன செய்யலாம் என்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் வெறும் சாரதி என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வேட்பாளரின் ஆள், கையில் துண்டுப்பிரசுரம். நான் அந்த நேரம் வேன் விசயமாகக் குகனோடு போனில் கத்திக்கொண்டு இருந்தேன். நேரமில்லை என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். படியில் இருந்து என் மகள் ஆரணி பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய தமிழ் ஒரு தனித் தமிழ். 'பஸ் எடுத்துக்கொண்டு போறன்' என்பாள். ஊரில் அப்படிச் சொன்னால் டிப்போவில் இருந்து களவெடுத்துக்கொண்டு போகிறாள் என்று பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள்.

"அப்பா, அவர் உங்கட பஸ்ஸைப் பற்றிக் கதைக்க வந்தவரா இருக்கும்" என்றாள்.

"இருக்கட்டும்."

"அங்க உங்களுக்கு வோட்டே இல்லை. அங்கத்தைய பஸ்ஸுக்குக் கத்துறீங்கள். இங்க வோட்டு இருக்கு. வந்தவருக்குக் கதவைச் சாத்துறீங்கள்."

"அது வேற, இது வேற."

"எப்பிடி வேற?"

எப்ப பாத்தாலும் போனோடு இருக்கிறாய் என்று அவளை ஏசினேன். கையில் போன் வைத்திருந்தது நான்.

4

வேன் கொடுக்கிற நிகழ்வுக்கு ஊர்த் தேர்தலில் நிற்கிற ஒரு வேட்பாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், ஏன் என்று நான் குகனைக் கேட்டேன். அந்தப் பாதையில் ஓடுவதற்கு அனுமதி எடுத்துத் தருவதாகச் சொன்னாராம். இவர் புதிதாக வந்தவராக இருந்தாலாவது பரவாயில்லை. ஏற்கெனவே எங்கள் ஊர்ச் சனத்தின் வாக்கில் போய்ப் பாராளுமன்றக் கதிரையில் இருந்தவர். பஸ் நின்றுபோனபோது வாய் திறக்காதவர்.

"மச்சான், அரசியலை விடு, அலுவல் நடக்க வேணும்" என்றான் குகன்.

"அவன்தான்டா அரசியலை வேனுக்குள்ள ஏத்துறான்."

"இப்ப மறிச்சா வேன் ஓடாது. பிறகு உன்ர தங்கச்சிதான் அழுவா."

பள்ளிக்கூட வளவில் தேர்தல் கூட்டம் வைக்க முடியாது என்பதால் வாசிகசாலைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். எங்களுக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. குகனின் மச்சான் போனைப் பிடித்துக் காட்ட, நான் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பதாகையில் வேட்பாளரின் படம் வேனைவிடப் பெரிதாக இருந்தது. கீழே மூலையில், கண்ணாடி போட்டால் வாசிக்கக்கூடிய அளவில், எங்கள் சங்கத்தின் பெயர். மாலை, பொன்னாடை எல்லாம் முடிய அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கும் வரைக்கும் இந்த மண்ணின் பிள்ளைகள் அனாதைகள் இல்லை என்றார். கை தட்டினார்கள். வதனி மேடைப் பக்கம் போகவில்லை. அரசாங்க உத்தியோகம், போகவும் கூடாது. தெருவுக்கு அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன்.

அவர் வேன் திறப்பைச் சாவி வளையத்தோடு உயர்த்திக் காட்டும்போது கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல்.

"ஐயா, ஒரு கேள்வி. இதுக்கு டீசல் ஆர் அடிக்கிறது?"

செல்வராணி. இடுப்பில் கை.

வேட்பாளர் சிரித்தார். "அதுக்குத்தான் வெளிநாட்டில எங்கட உறவுகள் இருக்கினம் அம்மா."

"டிரைவருக்குச் சம்பளம்?"

"அதையும் அவையள் பாப்பினம்."

"ரயர் போனா?"

"நல்ல நாளும் அதுவுமா ஏன் அம்மா ரயர் போறதைப் பற்றிக் கதைக்கிறீங்கள்?"

கூட்டம் சிரித்தது. செல்வராணி சிரிக்கவில்லை.

"டீசலும் அவங்க, சம்பளமும் அவங்க, ரயரும் அவங்க எண்டா, வோட்டையும் அவங்களிட்டயே போய்க் கேளுங்கோவன். இங்க ஏன் வந்தனீங்கள்?"

பின்பக்கத்தில் இருந்து யாரோ, "கனடாவில போய் நில்லுங்கோ ஐயா!" என்றார்கள். "குளிருக்குச் சட்டை நாங்கள் தைச்சுத் தாறம்!" என்றது இன்னொரு குரல். பந்தல் முழுக்கச் சிரிப்பு. வேட்பாளர் திறப்பை, வேனைப் பொறுப்பெடுக்க மட்டும் என்று வரவழைத்திருந்த பள்ளிக்கூட அதிபரின் கையில் வைத்து, படம் எடுக்கும் வரைக்கும் பல்லைக் காட்டிவிட்டு, வாகனத்தில் ஏறினார். அதிபர் திறப்பைச் தணல்கட்டி போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சேட்டில் சிந்திவிட்டது. குழுவில் குகன் எழுதினான்: "ஆர் இந்தப் பொம்பிளை? நன்றி கெட்ட சனம்." அதை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நன்றி கெட்டவள் என்றால், அவள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? வரி கட்டுகிறாள். சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் அவள் கொடுக்கிற காசில் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு போகிறது. அதில் ஒரு பஸ் வர வேண்டும். அவ்வளவுதான். பிச்சை கேட்கவில்லை.

இதைக் குழுவில் எழுதினேன். மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள்.

5

அடுத்த கிழமை வதனி தானாக எடுத்தாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"அண்ணா, வேன் உங்கட சங்கத்தின்ர பேரிலதானே இருக்கு? அதிபர் உங்களைக் கேக்கச் சொன்னவர். செல்வராணி அக்காவுக்கு ஒருநாள் வேணுமாம்."

"எங்க போக?"

"டிப்போவுக்கு. தாய்மாரும் பிள்ளையளும்."

"நீ போகாதை" என்றேன். "உன்னைத் தூக்கி எங்கயாவது மாத்திப்போடுவாங்கள்."

"நான் போகேல்லை. எனக்கு அண்டைக்கு முதலாம் பாடம் இருக்கு. வாற பிள்ளையளுக்குப் படிப்பிப்பன். கேக்கத்தான் எடுத்தனான்."

குகன் ஒரேயடியாக மறுத்தான். வேனைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுத்தோம், ஆர்ப்பாட்டத்துக்கு இல்லை என்றான். கொடுத்த பிறகு அது யாருடையது என்று நான் கேட்டேன். அவன், உன்னோட கதைக்க ஏலாது என்றான். அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அங்கே காலை என்றால் இங்கே முதல் நாள் மாலை. கோடை என்பதால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. அங்கே ஒரு தாய் போனைப் பிடித்துக் காட்ட, குசினியில் நின்று ஆரணியும் நானும் பார்த்தோம். வேன் இரண்டு தரம் போய்வந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் டிப்போ வாசலில் இறக்கியது. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வாசலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து புத்தகத்தைத் திறந்தார்கள். கீர்த்தனா சின்னப் பிள்ளைகளுக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்தாள். உள்ளே இருந்து வெளிக்கிட வேண்டிய பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு நின்றன. மறிக்கவில்லை என்று செல்வராணி சொன்னார். பிள்ளைகள் படிக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்.

முகாமையாளர் வெளியே வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார். களைத்த முகம்.

"பணிமனை காசு கட்டினா நான் நாளைக்கே பஸ் விடுறன். என்னிட்டச் சண்டை பிடிச்சு என்ன செய்யிறது? அதோட உங்களுக்குத்தான் வேன் வந்திட்டுதே?"

வதனி எனக்குச் சொன்ன அதே பேச்சு. நான் போனுக்குள் கத்தினேன். அவர்களுக்குக் கேட்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஓம், வந்தது" என்றார் செல்வராணி. "அது பள்ளிக்கூடம் போறதுக்கு இல்லை. உங்களிட்ட வாறதுக்கு. பஸ் இல்லாத ஒவ்வொரு நாளும் வருவம். தண்ணி தருவீங்களோ, அதையும் நாங்களே கொண்டுவாறதோ?"

தேர்தல் நேரம். செய்தி பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? மத்தியானத்துக்குள் ஒருவருக்குப் பின் ஒருவராக வேட்பாளர்கள் வந்து நின்றார்கள். எங்கள் பொன்னாடைக்காரரும் வந்தார். எல்லாருடைய போனும் பணிமனைக்கு அடித்தது. இத்தனை மாதம் இல்லாத வண்டியும் காசும் ஒரு பின்னேரத்துக்குள் எங்கிருந்தோ வந்தன.

அடுத்த நாள் காலை பஸ் வந்தது. பழைய பஸ், ஒரு யன்னலுக்குக் கண்ணாடி இல்லை. கீர்த்தனா ஏறினாள் என்று வதனி படம் அனுப்பினாள். படத்தில் கீர்த்தனா முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குத் தாயின் முகம்.

"அப்பா, நீங்கள் உங்கட பஸ்ஸுக்கு என்ன செய்யப் போறீங்கள்?" என்று ஆரணி கேட்டாள்.

அந்தக் கிழமை என் ஓட்டத்தில் உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம். போனேன். சோமாலியத் தாயும் வந்திருந்தார். எழுந்து, என் உடைந்த ஆங்கிலத்தில், இந்தப் பிள்ளைகளை நடக்கச் சொல்கிறவர்கள் ஒருநாள் காலை என்னோடு வந்து அந்த ஆறு வழித் தெருவைக் கடந்து காட்டட்டும் என்றேன். இரண்டு வசனத்தில் நாலு பிழை விட்டேன் என்று ஆரணி பிறகு சொன்னாள். ஆனால் அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஒரு வேட்பாளர் வருவதாகச் சொல்லிக் கையைக் குலுக்கினார். இன்னும் வரவில்லை.

6

ஊரில் தேர்தல் முடிந்தது. பொன்னாடைக்காரர் வென்றாரா தோற்றாரா என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கதை அவரைப் பற்றியதாகிவிடும்.

வதனிக்கும் எனக்கும் இன்னும் அதே வாக்குவாதம்தான். வேனைக் கொடுக்காமல் இருந்திருந்தால் டிப்போவுக்கு எதில் போயிருப்பீர்கள் என்று நான் கேட்கிறேன். நீங்கள் கொடுத்திருக்காவிட்டால் அந்த முகாமையாளரின் வாயில் அந்தக் கேள்வியே வந்திருக்காது என்று அவள் சொல்கிறாள். இரண்டும் உண்மை. அதனால்தான் ஒருவரும் இறங்குகிறோம் இல்லை.

தேர்தல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாள். நான் குசினியில் போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆரணியும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். படிக்கிற சாக்கு. புத்தகத்தில் பக்கம் புரளவில்லை. வதனியின் குரல்பதிவு வந்தது.

"அண்ணா, எல்லாரும் சந்தியில நிக்கினம். பஸ் இன்னும் வரேல்லை."

பிறகு ஒன்றும் இல்லை. நான் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது. பஸ் தாமதமாக வரும், பழைய வண்டி, வழியில் நின்றிருக்கும் என்று நான் ஆரணிக்குச் சொன்னேன். அவளுக்கா எனக்கா சொன்னேன் என்று தெரியவில்லை.

அடுத்த பதிவு வந்தது. பிள்ளைகளின் இரைச்சல். யாரோ அழுகிறது. தூரத்தில் ஒரு வாகனச் சத்தம். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அது கிட்ட வந்தது, வந்து, நிற்காமல் போய்விட்டது. லொறி.

"பஸ் இல்லை அண்ணா. டிப்போவுக்கு எடுத்துக் கேட்டம். இண்டையில இருந்து இல்லையாம்." வதனியின் குரல் உடைந்திருந்தது. அதற்கு மேலால் செல்வராணியின் குரல். அவர் யாரையும் திட்டவில்லை. சந்தியோரம் வேனோடு நின்ற சாரதியைக் கூப்பிட்டார்.

"தம்பி, வேனைத் திருப்பு."

"பள்ளிக்கூடத்துக்கோ அக்கா?"

"இல்லை. டிப்போவுக்கு. கீர்த்தனா, சின்னதுகளை முதல்ல ஏத்து. அந்த வாய்பாட்டுப் புத்தகத்தையும் எடு, இண்டைக்கு எட்டாம் வாய்பாடு."

ஆரணி என்னைப் பார்த்தாள். நான் குகனுக்கு எடுத்தேன்.

"டீசலுக்கு அனுப்ப வேணும்" என்றேன்.

"பள்ளிக்கூடம் போகத்தானே?"

"இல்லை" என்றேன். "அரசாங்கத்திட்டப் போக."